அவகாசம் உண்டு

அக்கா,

பின்கட்டு அறையில் குடியிருக்கும் ஒடிசாப் பெண் இன்று காலை வாசல்படியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நான் துணி உலர்த்தப் போனவள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த ஈரச் சேலையை அப்படியே கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு அந்த வாசனை தெரியும். எஸ்டேட் ஆபீஸில் நான் டைப் அடிக்கும் மேசையில் ஒரு சின்னக் குப்பி இருக்கும், மூடியிலேயே பிரஷ் வைத்தது. உள்ளே சிவப்புத் திரவம். ஸ்டென்சில் தாளில் தப்பாக விழுந்த எழுத்தின் மேல் ஒரு தடவு தடவினால் ஓட்டை அடைந்துவிடும், மசி இறங்காது, எழுத்து இல்லாமலே போய்விடும். ஆபீஸில் அதற்குப் பெயர் 'கரெக்‌ஷன்'. நீ ஒருநாள் அதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்து, "ஏட்டி டைப்பு, இது என்ன, தப்புக்குப் போடுத மருந்தா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அந்த மருந்தை வைத்தே நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இருக்கும்போது சொல்லத் துப்பில்லாதவள் போன பிறகு மடல் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

நீ என்றே எழுதுகிறேன். அப்படி அழைக்க எனக்கு நீ கொடுத்திருந்த அனுமதி ஒன்றேகால் வருடம் இருந்தது. அப்புறம் நானே அதைத் தொலைத்துவிட்டு 'நீங்க'வுக்குத் திரும்பினேன். நீ அதைக் கவனித்தாய். ஏன் என்று கேட்கவில்லை.

வாளையாரில் லாரி இரைச்சலுக்கு நடுவே வளர்ந்து, பாலக்காட்டில் டைப்பிங் பாஸ் செய்து, மாட்டுப்பட்டிக்கு அப்பால் அந்த எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. எழுபதுகளின் நடுவில் ஒரு பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்ப எங்கள் வீட்டில் நடந்த சண்டையை உன்னிடம் நூறு முறை சொல்லியிருப்பேன். முதல் வாரம் முழுக்கக் குளிரில் பல் தந்தியடித்தது. ஆபீஸுக்குக் கொஞ்சம் கீழே, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகை. அங்கே நீ ஆயா. உன் அடுப்பில் எப்போதும் நெருப்பு இருந்தது. உண்மையைச் சொன்னால் நான் உன்னைத் தேடி வரவில்லை, அடுப்பைத் தேடித்தான் வந்தேன்.

"ஏனுங்க்கா, கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமுங்களா?"

நீ இடுப்பில் ஒரு குழந்தையோடு என்னை மேலும் கீழும் பார்த்தாய். "கெடைக்குமுங்க. குடிக்கவுங்களா, குளிக்கவுங்களா?" என்று என்னைப் போலவே இழுத்துச் சொல்லிவிட்டுச் சிரித்தாய். "என்னட்டி இது, கோயில் மணி மாதிரி வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' 'ங்க'ன்னு அடிக்கே! உன்னைவிட நாலு வயசு மூப்பு நான், அம்புட்டுத்தான். நீன்னே சொல்லு."

எங்கள் பக்கம் தவழும் பிள்ளையைக்கூட 'வாங்க கண்ணு' என்போம். நீ என்று சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சொன்ன அன்று நீ எனக்கு ஒரு டம்ளர் பால் விடாத கட்டங்காப்பி அதிகமாகக் கொடுத்தாய்.

நாம் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தது ஒரு நோட்டீஸால். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, எல்லா லயங்களிலும் ஒட்டினோம். ஓடு போட்ட அந்த நீள வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். தமிழே பாதிப் பேருக்குப் படிக்க வராது. அந்தத் தாள்களைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தார்கள், அந்த வகையில் தண்ணீர் கொதிக்க அவை உதவின என்று நீ சொன்னாய். அப்புறம் தரையில் அடுப்புக்கரியால் ஒரு பானை, நெருப்பு, குந்தியிருக்கும் ஒரு பெண் என்று நாலே கோட்டில் போட்டாய். "இப்பிடிப் போட்டா என்னவாம்? உன் மிஷினு படத்தைத் துப்பாதா?"

துப்பும் என்று எனக்குத் தெரியாது. மெழுகு பூசிய அந்த ஸ்டென்சில் தாளில் ஊசிமுனைப் பேனாவால் கீறினால் கீறிய இடத்தில் மசி இறங்கும், அவ்வளவுதான் தெரியும். அன்று சாயங்காலமே ஒரு பழைய தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் இரண்டையும் கிழித்தாய். மூன்றாவதில் கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பிடிபட்டுவிட்டது. உருளையைச் சுற்றி முதல் பிரதி வெளியே வந்தபோது நீ வாயைப் பொத்திக்கொண்டாய். உன் கை போட்ட பெண் ஒருத்தி. அதற்குள் இருபது பேராகி ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தாள். "அடியே, நிறுத்துட்டி, பெத்துக்கிட்டே போறா!" என்று கத்தினாய்.

அந்த நோட்டீஸை யாரும் கிழிக்கவில்லை. மேனேஜருக்கே பிடித்துப்போனது. அதனால் மாதம் ஒரு படத்தாள் போட அனுமதி கிடைத்தது: அம்மை குத்துதல், அட்டைக் கடி, மழைக்காலத்தில் ஆறு தாண்டக் கூடாது என்பது. சொல்ல வந்தது ஒரு மூலையில்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் நம் ஆட்கள். கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த பெண்கள், கம்பளியை முக்காடாகப் போட்டவர்கள், பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நிற்பவர்கள். மலையில் மூடுபனியை எப்படிக் கீறுவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாய். கடைசியில் தையல்காரர் துணியில் அடையாளம் உருட்டும் அந்தப் பல்சக்கரத்தை வாங்கிவந்து ஸ்டென்சிலின் மேல் உருட்டினாய். பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பனி இறங்கியது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் உனக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

பிறகு நாம் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. கடுதாசி எழுதத் தெரியாத பெண்கள் அந்தத் தாள்களை ஊருக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். படத்தில் இருக்கும் ஒரு உருவத்தின் மேல் குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு. அதற்கு அர்த்தம், இது நான். மடித்து, என்னிடம் விலாசம் எழுதச்சொல்லிக் கொண்டுவருவார்கள். செல்லத்தாயியின் அம்மா கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து யாரையோ எழுதவைத்துப் பதில் போட்டாள்: "உன் தலைக்குப் பின்னால் புள்ளிபுள்ளியாக இருக்கிறதே, அது என்ன மழையா? கொசுவா?" அந்தக் கார்டை நீ கொட்டகையில் பத்துத் தடவை வாசிக்கச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் கொசு வரும் இடத்தில் சிரித்தாய். சிரித்துவிட்டு, "பாத்தியா, நம்ம பனி அங்கன வரைக்கும் போயிட்டு" என்றாய்.

பின்கட்டுப் பெண்ணும் படம் போடுகிறாள். போனில், விரலால். தான் வேலை செய்யும் மிஷின், ஆறு பேர் படுக்கும் அறை, எங்கள் முருங்கை மரம். போட்டு முடித்ததும் ஊருக்கு அனுப்புகிறாள். நான் தேங்காய் துருவி முடிப்பதற்குள் அவள் அம்மாவின் குரல் போனிலிருந்து வருகிறது. சித்தி, பாட்டி, அடுத்த வீட்டுக்காரி எல்லோரும் பேசுகிறார்கள். நமக்குப் பதினைந்து நாள் பிடித்தது. மற்றபடி எல்லாம் ஒன்றுதான். ஒருநாள் படத்தின் கீழே தன் மொழியில் இரண்டு வார்த்தை எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினாள். எனக்கு அந்த எழுத்தே தெரியாது. இருந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இனி அந்தப் படம்.

செல்லத்தாயிக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து நாற்பது நாளில் மலைக்கு வந்துவிட்டாள். காலையில் உன்னிடம் விட்டுப்போனால் மதியம்தான் இறங்க முடியும். நடுவில் ஒரு தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போக விட மாட்டார்கள். மேட்டில் நிற்கும்போதே அவளுக்குப் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்தாள். கீழே அந்தக் குழந்தை தொட்டிலில் கத்திக் கத்தி நீலம் பாரிக்கும். நீ பஞ்சில் பாலை நனைத்து வாயில் பிழிவாய். அது துப்பும். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் ஆபீஸுக்கு ஓடிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் சமவெளியிலிருந்து ஒரு மலையாளி யூனியன்காரர் வந்து பிரட்டுக் களத்தில் பேசினார். பால் கொடுக்க இறங்கி வருவதற்குச் சட்டமே இருக்கிறது என்றார். "அது நிங்ஙளுடெ அவகாசமாணு" என்றார். அது உங்கள் உரிமை என்று அர்த்தம். எஸ்டேட்டில் தமிழர்களும் உரிமைக்கு அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். சட்டம், யூனியன், கோர்ட்டு எல்லாம் அவர்களுக்கு மலையாளத்தில்தான் வந்து சேர்ந்தன. உரிமை என்ற வார்த்தையை நீ கேட்டிருப்பாயா என்றே எனக்குச் சந்தேகம். ஆனால் அவகாசத்தைப் பிடித்துக்கொண்டாய். இரண்டு நாள் கொட்டகையில் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாய், புதுப் பாட்டு கற்றவள் போல.

அந்த மாதப் படத்தாளை நீ ஐந்து நாள் கீறினாய். மேலே சரிவில் செல்லத்தாயி, கை கொழுந்தில், முகம் மட்டும் கீழே திரும்பியிருக்கிறது. கீழே கொட்டகை, வாசலில் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண், ஒரு தொட்டில், வெளியே நீண்ட ஒரு பிஞ்சுக் கால். இரண்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஒரு பாதை. அதில் ஒரு ஈ காக்கை இல்லை. அடியில் உன் கோணல் எழுத்தில், ஒரு விரல் உயரத்துக்கு: 'பால் கொடுக்க எங்களுக்கு அவகாசம் உண்டு.'

சனிக்கிழமை காலை அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். பத்து நிமிஷம் கழித்துப் பெரிய கிளார்க் வந்தார். பெரிய கிளார்க்குக்குத் தமிழ் கேட்டால் கொஞ்சம் புரியும், எழுத்துத் தெரியாது. "திங்களாழ்ச்ச இன்ஸ்பெக்டர் வரும்," என்றார். "ஒட்டிக்குன்னதினு மும்பு எனிக்கு வாயிச்சு தரணம்." திங்கட்கிழமை தொழிலாளர் சட்டம் பார்க்கும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வருகிறாராம், ஒட்டுவதற்கு முன் வாசித்துக் காட்ட வேண்டுமாம். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். அந்த அறையில், கண்ணாடி அலமாரியில், என்னை நிரந்தரமாக்கும் காகிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான்தான் அதை டைப் அடித்துக் கொடுத்திருந்தேன். கையெழுத்து விழாவிட்டால் மாதக் கடைசியில் வாளையார். போன ஞாயிறு வந்த கடுதாசியில் அப்பா ஒரு மாப்பிள்ளையின் பெயரைக்கூட எழுதியிருந்தார்.

நான் உன் வரியைப் பார்த்தேன். வாசித்தால் அவர் காதில் முதலில் விழப்போவது அந்த ஒரு வார்த்தை. தமிழ் தெரியாவிட்டால் என்ன, அது அவருடைய வார்த்தை. அக்கா, இந்த இடத்தை நான் ஐம்பது வருடமாகச் சுற்றிவளைத்து வந்திருக்கிறேன், இன்று நேராகச் சொல்கிறேன். நான் யோசித்தது அவ்வளவுதான். குழந்தையைப் பற்றி யோசிக்கவில்லை. உன்னைப் பற்றி யோசிக்கவில்லை.

குப்பியைத் திறந்து உன் வரியின் மேல் தடவினேன். ஒரே இழுப்பு. ஊதி ஊதிக் காயவைத்து, அதன் மேல் என் அழகான எழுத்தில் எழுதினேன்: 'குழந்தைக்குப் பால் கொடுக்கக் கொஞ்சம் நேரம் தாருங்கள்.' உரிமை என்று எழுதியிருக்கலாம். அந்த வார்த்தை எனக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்திருக்காது. அது தோன்றவில்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். தோன்றியது. அவர் அதற்கு அர்த்தம் கேட்டால் என்ன சொல்வது என்றும் தோன்றியது.

வாசித்துக் காட்டினேன். "கொள்ளாம்," நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார்.

மதியம் நீ வந்து பிரதிகளைப் பார்த்தாய். எழுத்துக்கூட்டி ஒரு தடவை வாசித்தாய். மறுபடி ஒரு தடவை. அதற்குள் என் பதில் தயாராக இருந்தது.

"அக்கா, நீ எழுதினது தப்பு. தமிழ்ல அவகாசம்னா நேரம். 'எங்களுக்கு அவகாசம் உண்டு'ன்னா, எங்களுக்கு வேண்டிய மட்டும் நேரம் இருக்குன்னு ஆயிரும். ஊருக்கு அனுப்பினா சிரிப்பாங்க. அதுதான் திருத்தினேன்."

ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அகராதியில் பார்த்தால் என்னைப் பிடிக்க முடியாது. ஆனால் பாலக்காட்டுப் பக்கம் பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்துச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அவகாசம் என்றால் என்னவென்று தெரியாதா?

நீ பிரதியை மேசைமேல் வைத்தாய். மசி பட்ட விரலை முந்தானையில் துடைத்தாய். "அப்பிடியா?" என்றாய். "எனக்கு மூணாங் கிளாஸோட போச்சு பள்ளிக்கூடம். மலையாளமும் தெரியாது, நம்ம பாஷையும் சரியா வராது. ரெண்டுங்கெட்டான்லா நான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ட்டி." உன் முகம் சிவந்திருந்தது. நான் பட வேண்டிய வெட்கத்தை நீ பட்டுக்கொண்டு நின்றாய், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரதிகளை எடுத்துக்கொண்டு போனாய். ஆபீஸ் வாசலுக்கு மட்டும் ஒரு தாளை நான் ஒட்டினேன். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீ லயங்களில் ஒட்டினாய். நான் அந்தப் பக்கம் வரவில்லை. தலைவலி என்று சொன்னதாக ஞாபகம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேட்டுப் பாதையில் பெண்கள் இறங்கி வந்தார்கள். ஏழெட்டுப் பேர். கூடையைச் செடிகளுக்கு நடுவிலேயே போட்டுவிட்டு, வெறுங்கையோடு, செல்லத்தாயி முன்னால். மேனேஜரும் இன்ஸ்பெக்டரும் ஆபீஸ் முற்றத்தில் நின்றிருந்தார்கள். செல்லத்தாயி அவர்கள் எதிரில் நின்று ஏதோ சொன்னாள். கண்ணாடிக்குள் எனக்குக் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதினார். பெண்கள் கொட்டகைக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே அழுகைச் சத்தம் நின்றது. அன்று முதல் தினம் பத்து மணிக்கு இறங்கினார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் வரி வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். பணிவாகக் கேட்டதால் மேனேஜர் மனம் இளகிவிட்டார் என்று. சனிக்கிழமை செய்தது கோழைத்தனம் இல்லை, சாமர்த்தியம் என்று திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்கு நானே பெயர் மாற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் என் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. அதே வாரம் பெரிய கிளார்க் இன்னொன்றை டைப் அடிக்கச் சொன்னார். நிர்வாகத் தேவையை முன்னிட்டு உன்னைக் கொட்டகையிலிருந்து எடுத்து, தூரத்து மலைக்குக் கொழுந்து பறிக்க மாற்றும் ஆர்டர். உன் பெயரை நான் டைப் அடித்தேன். ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை. ஏன் மாற்றுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. படத்தாள் அத்தோடு நின்றது. நீ இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இறங்கி வருவாய், விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும். பாதையில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாக்கா?" என்பேன். 'நீங்க' எப்படியோ வாயில் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது. "இருக்கேங்க" என்பாய், சிரிக்காமல்.

இரண்டு வருடத்தில் கல்யாணமாகிக் கஞ்சிக்கோட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் ஒரே ஒரு தடவை நீ இங்கே வந்தாய், கோயம்புத்தூரில் கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில். இதை எழுதத்தான் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் உன்னைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். "ஏனுங்க, நீங்கதானுங்களா அந்தப் படம் போட்டவிங்க? இவ எழுதின ஒரு வரியிலதான் அந்தப் பொம்பளைகளுக்குப் பால் குடுக்க நேரம் கெடைச்சுதுன்னு எத்தனை தடவை சொல்லீருக்கறா தெரியுங்களா!" என்றார். ஆமாம், சொல்லியிருக்கிறேன். அவரிடம், பிள்ளைகளிடம், தெருவில் பாதிப் பேரிடம்.

நீ டீயைக் கீழே வைத்தாய். என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் இல்லை. "ஆமா," என்றாய். "நல்லா எழுதுனா."

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் சட்டை மாற்ற உள்ளே போனார், நாம் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். நான் உனக்கு இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டேன்.

நீ போன செய்தியை உன் மகள் போனில் சொன்னாள். மூட்டுவலி, மலையேற முடியாது என்றேன். மூட்டுவலி இருந்தது நிஜம். நிஜமான காரணங்களாகப் பார்த்துப் பொறுக்குவதில் நான் கெட்டிக்காரி.

போன மாதம் உன் மகளிடமிருந்து ஒரு கவர் வந்தது. லயத்து வீட்டைக் காலி செய்யும்போது உன் வேதப்புத்தகத்துக்குள் இருந்ததாம். அந்தப் படத்தாள். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது, ஆனால் பனி அப்படியே இருந்தது. அடியில் என் வரி. அதன் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, நெருக்கி, உன் கோணல் எழுத்தில்: 'பால் கொடுக்க எங்களுக்கு அவகாசம் உண்டு.'

உன் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "உங்களுக்குத் தெரியாதா அத்தை? செல்லத்தாயி சித்தி எத்தனை வாட்டி சொல்லியிருக்கு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாம அம்மா ஒவ்வொரு தாள்லயும் இருந்த வரிய அடிச்சி, கையாலயே மாத்தி எழுதி ஒட்டிச்சாம். திங்கக்கிழமை செல்லத்தாயி சித்தி தொரைக்கு முன்னால நின்னு, 'அவகாசம் உண்டு'ன்னு சொல்லிச்சாம். அந்த ஒரு வார்த்தை போதும்லா, அவங்க எல்லாத்துக்கும் வெளங்கிட்டு. யாரு எழுதுனதுன்னு கேட்டதுக்கு அம்மாவே போயி நான்தான்னு சொல்லிட்டு. அதான் மலைக்கு மாத்திட்டாங்க."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா எல்லாத்துகிட்டயும் சொல்லி வச்சிருந்துச்சு. 'டைப்பு பயந்துட்டா, பாவம். தெரிஞ்சா அவளும் மாட்டிக்கிடுவா, வேலை போயிரும். அவளா ஒருநாள் சொல்லுவா, சொல்லட்டும்'னு." அப்புறம் அவளாகவே சொன்னாள், "ஆனா அம்மா படம் போடுமாமே, நாங்க ஒருநாளும் பாத்ததில்ல அத்தை. இந்தத் தாள் ஒண்ணுதான்."

ஆக, அந்தச் சனிக்கிழமையே உனக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குத் தமிழ் வராது என்று நீ முகம் சிவந்து நின்றது என்னை நம்பியதால் இல்லை. நான் பொய் சொன்னதைப் பார்த்துக் கூசியதால். டீயைக் கீழே வைத்துவிட்டு நீ என்னைப் பார்த்தாயே, அதுகூட நான் சொல்லுவேனா என்றுதான். எனக்கு நீ அவகாசம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாய், என் தமிழில் சொல்கிறேன், ஒரு ஆயுள் முழுக்க. அதை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன அவகாசம் இருந்தது, உன் தமிழில் கேட்கிறேன்.

நேற்று என் பிள்ளைகள் இருவரையும் போனில் கூப்பிட்டு, அந்தக் கதையில் நான் சொல்லிவந்தது பொய் என்று சொன்னேன். மகன், "எந்தக் கதைம்மா?" என்றான். நான் அவ்வளவு பெருமையாகச் சொன்னது அவனுக்கு ஞாபகமே இல்லை. இருந்தாலும் முதலிலிருந்து சொன்னேன். மகள், "அவங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் சொன்ன கதையில் உன் பெயர் வந்ததே இல்லை போலிருக்கிறது.

இப்போது தாள் என் முன்னால் இருக்கிறது. ஒடிசாப் பெண்ணிடம் அந்தக் குப்பியைக் கேட்டு வாங்கி வந்தேன். இந்த வயதில் பாட்டிக்கு எதற்கு நகச்சாயம் என்று அவள் சிரித்தாள். நம் பெண்கள் இந்தத் தாள்களை ஊருக்கு அனுப்புமுன் தங்கள் உருவத்தின் மேல் பொட்டு வைப்பார்கள் அல்லவா, நானும் ஒன்று வைக்க வேண்டும் என்று தோன்றியது. மேட்டில் செல்லத்தாயி. கொட்டகை வாசலில் முதுகு காட்டி நிற்பது நீதான், அந்தக் கொண்டை எனக்குத் தெரியும். அந்தப் பாதையில் நான் எங்கும் இல்லை. வெகுநேரம் தேடினேன்.

பிறகு நீ பென்சிலால் அடித்திருந்தாயே, அந்த வரி, என் அழகான எழுத்து, அதன் மேல் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். இது நான், அக்கா.